ஒட்டுச் சித்திரமும் ஏலச் சுத்தியலும்

1973ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 18ஆந் திகதி மாலை, நியூயோர்க் நகரிலே சொதபி பார்க் பேர்ணற் என்னும் ஏலக் கூடத்தில், தற்காலக் கலைப்படைப்புகள் ஐம்பது விலைகூறப்பட்டன. அவற்றுக்கு உடைமையாளர் றொபேட் ஸ்கல் என்பவர். வாடகை மோட்டார் வண்டிகள் பலவற்றை ஓடவிட்டுப் பொருளீட்டிய செல்வர் அவர். உள்ளே பட்டாடையும் வைரமும் அணிந்தோர் நிறைந்திருக்க, வெளியே வாடகை வண்டிச் சாரதிகள் கூடி நின்று கூச்சலிட்டுக்கொண்டிருந்தனர். சுத்தியல் இறுதியாக விழுந்தபோது மொத்தத் தொகை 22 இலட்சம் டொலரைத் தாண்டிவிட்டது.

அன்று விற்கப்பட்டவற்றுள் இரண்டு, ஒரே கலைஞரின் கைவேலை. 1958இல் ஆக்கப்பெற்ற 'உருகல்' என்பதை ஸ்கல் 900 டொலருக்கு வாங்கியிருந்தார். அது 85,000 டொலருக்குப் போயிற்று. 1959இல் ஆக்கப்பெற்ற 'இரட்டைக் காட்சி' 2,500 டொலருக்கு வாங்கப்பட்டது. அது 90,000 டொலருக்குப் போயிற்று. இவற்றைப் படைத்த றொபேட் றவுசன்பேர்க் அக்கூடத்திலேயே இருந்தார். இந்தப் பெருந்தொகையிலே ஒரு சதமேனும் அவருக்கு உரியதன்று. ஏலம் முடிந்ததும் அவர் ஸ்கலை அணுகி, நெஞ்சிலே கைவைத்துத் தள்ளி, 'உனக்கு இந்த இலாபம் வருவதற்காகவா நான் இத்தனை ஆண்டும் பாடுபட்டேன்' என்னும் கருத்துப்படச் சினந்து பேசினார். ஸ்கலும் வாளாவிருக்கவில்லை. இனிமேல் நீர் விற்கும் படைப்புகளுக்கும் விலை உயருமல்லவா, உமக்காகவுந்தான் நான் உழைத்தேன் என்று மறுமொழி பகர்ந்தார். ஆங்கு நின்ற ஒளிப்படக் கருவியொன்று இந்தக் காட்சியைப் பதிவுசெய்து கொண்டமையால், அது கலையுலகின் கதைகளுள் ஒன்றாகிவிட்டது.

நேயர்களே, இவ்விருவருள் யார் பக்கம் நியாயம்? ஸ்கல் சொன்னதை முற்றாகத் தள்ளிவிட முடியாது. எவரும் வாங்க முன்வராத காலத்திலே வாங்கியவர் அவர். ஆயினும், நெல்லை விதைத்தவன் களத்துமேட்டிலே வெறுங்கையுடன் நிற்க, வாங்கி அடுக்கியவன் மூட்டைக்கு நூறு மடங்கு காண்பதைப் பார்த்துப் பழகிய மக்களுக்கு, றவுசன்பேர்க்கின் சினம் விளங்காத பொருளன்று. அச்சினத்தை அவர் அன்றிரவோடு மறந்துவிடவுமில்லை. அதற்கு முன்னரும் பின்னரும், கண்காட்சியையும் ஏலத்தையும் பிறர் துயர் துடைக்கும் கருவிகளாக்க அவர் செய்த முயற்சிகள் பல. அவற்றை அறிவதற்கு முன், அவருடைய கலை எத்தகையது என்பதைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

பிரெஞ்சு மொழியிலே 'கொலாஜ்' என்றால் ஒட்டுதல் என்பது பொருள். பத்திரிகைத் துண்டு, துணி, கயிறு, பழைய ஒளிப்படம் முதலியவற்றைத் தளமொன்றிலே ஒட்டிச் சித்திரமாக்கும் முறை அது. 1912ஆம் ஆண்டளவில் பிக்காசோவும் பிராக்கும் இதனைத் தொடங்கிவைத்தனர். ஒட்டுச் சித்திரம் என்று நாம் இதனைக் கூறலாம். மேலோட்டமாகப் பார்ப்போர், குழந்தைகளும் செய்யக்கூடிய வேலை இது என்பர். ஒட்டுவது எவர்க்கும் எளிது என்பது மெய்யே. எதனை எதன் பக்கத்திலே ஒட்டுவது, ஒட்டியபின் எதனை விட்டுவிடுவது என்பதிலேதான் கலைஞன் வெளிப்படுகின்றான்.

றவுசன்பேர்க் 1925ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்துப் போட் ஆதர் என்னும் எண்ணெய்த் துறைமுகப் பட்டினத்திலே பிறந்தவர். வசதியற்ற குடும்பம். தாயார் தையலிலே வல்லவர். துணியின் ஓரங்குலமேனும் வீணாகாதபடி அளவு போட்டு வெட்டுவார். மிஞ்சிய துண்டுகளை இணைத்து மகனுக்குச் சட்டை தைப்பார். பிற்காலத்திலே உலகப் புகழ்பெற்ற ஒட்டுச் சித்திரங்களின் முதற் பாடம் அந்தத் தையற் பொறியருகே நடந்தது என்று சொன்னால் மிகையாகாது. பள்ளியிலே எழுத்துகள் தடுமாறும் குறைபாடுடைய மாணாக்கராய் இருந்தமையால் படிப்பிலே அவர் சிறக்கவில்லை. உலகப்போர்க் காலத்திலே கடற்படையிற் சேர்ந்து, கலிபோர்ணியாவிலே மனநோயுற்ற வீரர்களைப் பராமரிக்கும் மருத்துவமனையிற் பணிபுரிந்தார். விடுமுறை நாளொன்றில் சான் மரினோவிலுள்ள ஹன்ரிங்டன் சித்திரசாலைக்குச் சென்றபோது, தாம் சீட்டுக்கட்டின் முதுகிலே மட்டும் கண்டிருந்த ஓவியங்களின் மூலங்கள் ஆங்குத் தொங்கக் கண்டார். ஓவியம் தீட்டுவதையே தொழிலாகக் கொண்ட மனிதர் உலகில் உண்டு என்பது அவருக்கு அன்றுதான் தெரியவந்ததாம்.

போர் முடிந்தபின் அரசு வீரர்களுக்கு அளித்த கல்வி உதவியைக்கொண்டு சித்திரம் பயின்றார். பாரிஸ் சென்றார், பின்னர் வட கரோலினாவிலுள்ள பிளாக் மவுன்டன் கல்லூரியிலே கண்டிப்புமிக்க ஆசிரியரான ஜோசப் அல்பேர்ஸிடம் பாடங்கேட்டார். 1953இல் இத்தாலியிலே, பெட்டிகளுக்குள் எலும்பும் கல்லும் மயிரும் வைத்து ஆக்கிய சிறு படைப்புகளைக் காட்சிக்கு வைத்தார். புளோரன்ஸ் நகரத்து விமரிசகர் ஒருவர், இவற்றை ஆர்னோ ஆற்றிலே எறிவதே தகும் என்று எழுதினார். றவுசன்பேர்க் அவருடன் வாதிடவில்லை. சிலவற்றை வைத்துக்கொண்டு எஞ்சியவற்றை ஆர்னோ ஆற்றிலே எறிந்துவிட்டு, அறிவுரைக்கு நன்றி கூறினார்! நாடு திரும்பும்போது சுமை குறைந்ததென்று மகிழ்ந்தார் போலும்.

நியூயோர்க்கிலே அவர் வாழ்ந்த வறுமை சாமானியமானதன்று. திரைச்சீலை வாங்கப் பணமில்லாமையால், 1955இல், பழைய போர்வையொன்றைச் சட்டத்திலே இழுத்துக் கட்டி, தலையணையும் சேர்த்து, அதன்மேல் வர்ணத்தை வழியவிட்டார். 'படுக்கை' எனப் பெயர்பெற்ற படைப்பு அது. தம் வீட்டைச் சூழ்ந்த தெருவை ஒருமுறை சுற்றிவந்து, அகப்பட்ட குப்பையைக்கொண்டே வேலை செய்வது என்பது அவர் தமக்கு இட்டுக்கொண்ட விதி. போதாவிட்டால் இன்னுமொரு தெருவைச் சுற்றலாம். அதற்கு மேற் கூடாது. பழைய தளபாடக் கடையிலே கிடந்த, பாடஞ்செய்யப்பட்ட அங்கோரா ஆட்டுக்கடா ஒன்று அவர் கண்ணிற் பட்டது. விலை 35 டொலர். கையிலிருந்தது 15 டொலர். அதனைக் கொடுத்து ஆட்டை எடுத்துவந்தார். அந்த ஆட்டை என்ன செய்வது என்று நாலாண்டு யோசித்து, இறுதியில் அதன் இடுப்பிலே மோட்டார் ரயர் ஒன்றை மாட்டி, கிடையான ஓவியப் பலகையொன்றின்மேல் நிறுத்தினார். இன்று அந்த ஆடு சுவீடன் நாட்டுத் தலைநகரின் நவீனகலை நூதனசாலையிலே பெருமதிப்புடன் நிற்கின்றது. ஒட்டுச் சித்திரம் சுவரைவிட்டு இறங்கித் தரையிலே நடக்கத் தொடங்கியது இவர் காலத்திலேதான்.

1958இல் லியோ கஸ்ரெல்லி என்னும் வணிகர் தம் கலைக்கூடத்திலே இவருடைய கண்காட்சியை நடத்தினார். விற்பனை மிகச் சொற்பம். கஸ்ரெல்லி தாமே 'படுக்கை'யை விலைகொடுத்து எடுத்துக்கொண்டார். அதன் பெறுமதி பன்மடங்காய்ப் பெருகிய பின்னரும் அதனை ஏலத்துக்கு விடாது, 1989இல் நியூயோர்க் நவீனகலை நூதனசாலைக்கு நன்கொடையாக அளித்தார். வாங்கியவர் எல்லாரும் ஸ்கலைப் போல நடந்தனர் என்று எவரும் எண்ணிவிடலாகாது என்பதற்காகவே இதனைக் கூறவேண்டியதாயிற்று.

கலைஞர் கலைஞரைத் தாங்குதல் என்னும் வழக்கத்தை றவுசன்பேர்க் தம் நண்பர்களிடையே கண்டும் பழகியும் வந்தார். மேர்ஸ் கன்னிங்ஹாம் என்பவரின் நடனக் குழுவுக்கு உடையும் அரங்கும் ஒளியும் அமைத்துக் கொடுத்தவர் அவர். நடனத்தைச் சுவரிலே தொங்கவிட்டு விற்க முடியாது. ஆகவே நடனக்காரர் ஓவியரைவிட வறியவர். 1963ஆம் ஆண்டு இசைஞர் ஜோன் கேஜும் ஓவியர் ஜஸ்பர் ஜோன்ஸும் முன்னின்று ஒரு நிதியத்தை அமைத்தனர். ஓவியர்கள் தத்தம் படைப்புகளை இலவசமாகக் கொடுத்தனர்; அவற்றைக் கண்காட்சியாக வைத்து விற்ற பணம் நடனத்துக்கும் இசைக்கும் நாடகத்துக்கும் உதவியது. மறு ஆண்டு கன்னிங்ஹாம் குழு உலகஞ் சுற்றியபோது றவுசன்பேர்க்கும் உடன்சென்றார். அந்தப் பயணத்தினிடையேதான் வெனிஸ் நகரத்துப் பெருங்கண்காட்சியிலே ஓவியத்துக்குரிய முதற்பரிசு அவருக்குக் கிடைத்தது. பரிசு கிடைத்ததும் அவர் செய்தது வியப்பானது. நியூயோர்க்கிலிருந்த நண்பரைத் தொலைபேசியில் அழைத்து, தம் வேலைக்கூடத்திலிருந்த பட்டுத்திரை அச்சுகளை அழித்துவிடும்படி கூறினார். விலைபோகும் சரக்கையே மறுபடி மறுபடி செய்யும் ஆசை தமக்கு வந்துவிடக் கூடாதென்பதே காரணம்.

1970இல் அவர் 'மாற்றம்' என்னும் பொருள்படும் 'சேஞ்ச்' என்ற அறநிலையத்தை நிறுவினார். அதன் நோக்கம் மிக எளிது. மருத்துவருக்குக் கொடுக்கப் பணமில்லாத ஓவியன், வாடகை கட்டாமையால் வீட்டைவிட்டு வெளியேற்றப்படவிருக்கும் சிற்பி, மின்சாரம் துண்டிக்கப்பட்டவன் ஆகியோருக்குச் சிறு தொகையை விரைவாகக் கொடுத்தல். அவனது கலை உயர்ந்ததா தாழ்ந்ததா என்னும் ஆராய்ச்சி இல்லை. பரிசு என்பது வென்றவனுக்குக் கொடுப்பது. இஃது இடருற்றவனுக்குக் கொடுப்பது. இவ்வேறுபாட்டை நன்குணர்ந்த செல்வந்தர் எந்நாட்டிலும் அரியர்.

ஈண்டு இன்னுமொரு செய்தியைச் சொல்லாது விடலாகாது. தரும ஏலம் நடத்துவோர், மருத்துவமனைக்கோ அநாதை விடுதிக்கோ நிதி சேர்ப்போர், முதலிலே தேடிச்செல்வது ஓவியனின் வீட்டைத்தான். படம் ஒன்று தரமாட்டீரா என்று கேட்பர். அவன் கொடுப்பான். அமெரிக்க நாட்டிலே 1969ஆம் ஆண்டு வரிச்சட்டம் ஒரு விநோதத்தை உண்டாக்கிற்று. செல்வர் ஒருவர் தாம் வாங்கிய ஓவியத்தை நூதனசாலைக்கு நன்கொடையாகக் கொடுத்தால், அதன் சந்தை விலை முழுவதையும் தம் வருமானத்திலிருந்து கழித்துக் கணக்குக் காட்டலாம். அதே ஓவியத்தை வரைந்தவனே கொடுத்தாலோ, சீலைக்கும் வர்ணத்துக்கும் செலவான சில டொலரை மாத்திரமே கழிக்கலாம். அவனுடைய உழைப்புக்கும் அறிவுக்கும் சட்டத்தின் கண்ணிலே விலை இல்லை! இதன் விளைவாக நூதனசாலைகளுக்குக் கலைஞர் கொடுக்கும் நன்கொடை பெரிதும் குறைந்துபோயிற்று. இந்த அநீதியை மாற்றவேண்டுமென்று றவுசன்பேர்க் வாஷிங்டன் சென்று சட்டமியற்றுவோரிடம் வாதாடினார். மறுவிற்பனையிலே கலைஞனுக்குப் பங்கு வேண்டும் என்பதையும் வற்புறுத்தினார். பிரான்ஸ் நாடு 1920இலேயே அவ்வுரிமையை வழங்கியிருந்தது. கலிபோர்ணியா மாநிலம் 1976இல் நூற்றுக்கு ஐந்து வீதம் கொடுக்கவேண்டுமென்று சட்டம் செய்தது. எனினும் அச்சட்டம் நெடுநாள் வழக்குகளில் அகப்பட்டு, 2018இல் மேன்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பினால் பெரும்பாலும் வலுவிழந்தது. வரிச்சட்டத்தின் விநோதமோ இன்றளவும் நீங்கவில்லை.

நம் அயல்நாட்டோடு இவருக்கிருந்த தொடர்பு சுவையானது. 1975ஆம் ஆண்டு மே மாதம், குஜராத்திலே வெயில் கொளுத்தும் பருவத்தில், அகமதாபாத் நகருக்கு அவர் வந்தார். ஆலை முதலாளிகளும் கலை ஆர்வலர்களுமாகிய சாராபாய் குடும்பத்தார் அவரை வரவேற்றனர். காந்தியடிகளின் ஆச்சிரமத்தைச் சார்ந்த கைக்காகித ஆலையே அவருக்கு வேலைக்கூடமாயிற்று. பழந்துணியை ஊறவைத்து அடித்துக் கூழாக்கிக் காகிதம் வார்க்கும் தொழிலாளர்களுடன் சேர்ந்து, ஈரக் காகிதத்தின் நடுவே மூங்கிற் சிம்புகளையும் துணித்துண்டுகளையும் பதித்து, ஒரு வரிசைப் படைப்புகளை ஆக்கினார். அவற்றுக்கு 'எலும்புகள்' என்று பெயரிட்டார். நகர்ப்புறத்து மண்குடிசைகளின் சுவர்களைப் பார்த்தபின், மண்ணையே தம் கலைக்குப் பயன்படுத்த விரும்பினார். வெறும் மண் வெடித்து உதிர்ந்துவிடுமல்லவா? அதற்கு மாற்றாகக் காகிதக் கூழ், வெந்தயப் பொடி, அரைத்த புளியங்கொட்டை, சுண்ணப்பொடி, பிசின், துருசு ஆகியவற்றை நீரிலே குழைத்து ஒரு சாந்து தயாரிக்கப்பட்டது. அந்தச் சாந்தையும் மூங்கிலையும் கயிற்றையும் சேலைத் துணியையும் இணைத்து ஆக்கியவையே 'இணைவுகள்' என்னும் வரிசை.

வெந்தயமும் புளியங்கொட்டையும் நம் அடுக்களைக்குப் புதியனவல்ல. துணிக்குக் கஞ்சிபோடப் புளியங்கொட்டைப் பசையைப் பயன்படுத்துவதும் கீழைநாட்டு நெசவாளர் அறிந்ததே. அவற்றைக் கலைப்பொருளாக நோக்குவதற்கு டெக்சாஸிலிருந்து ஒருவர் வரவேண்டியிருந்தது என்பதிலே நமக்குச் சிறிது நாணமும் வரலாம். எனினும் அவர் எதனையும் கண்டுபிடித்ததாகக் கூறிக்கொள்ளவில்லை. அகமதாபாத்தின் கடைவீதியிலே துணியின் நிறத்தைக் கண்டு மயங்கினார் என்பதே உண்மை. ஊர் திரும்பியபின், பிரம்புக் கழிகளிலே பட்டையும் பருத்தியையும் தொங்கவிட்டு ஆக்கிய படைப்புகளில், ஒட்டுவதற்குப் பசையே தேவைப்படவில்லை. துணி தன் பாரத்தாலே தானே தொங்கிற்று.

1982இல் சீன நாட்டின் அன்ஹுயி மாகாணத்திலே பழம்பெரும் காகித ஆலையொன்றில் வேலைசெய்யச் சென்றார். அடுத்த ஊரிலே என்ன நடக்கின்றது என்பதையே அறியாத மக்களை ஆங்குக் கண்டமை அவர் மனத்தை உறுத்திற்று. அதன் பயனாகப் பிறந்ததுதான், 1984 டிசெம்பரில் ஐக்கிய நாடுகள் சபையிலே அறிவிக்கப்பட்ட, கடல்கடந்த பண்பாட்டுப் பரிமாற்றம் என்னும் பெருந்திட்டம். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'றொக்கி' என்று ஒலிக்கும். அது அவர் வளர்த்த ஆமையின் பெயர்! ஒவ்வொரு நாட்டுக்கும் செல்வது, அந்நாட்டுப் பொருள்களையும் ஒளிப்படங்களையும்கொண்டு படைப்பது, ஆங்கே கண்காட்சி வைப்பது, ஒரு படைப்பை அந்நாட்டுக்கே விட்டுவருவது என்பன ஏற்பாடு. மெக்சிக்கோ, சிலி, வெனிசுவேலா, சீனா, திபெத்து, யப்பான், கியூபா, சோவியத் நாடு, கிழக்கு ஜேர்மனி, மலேசியா என்று வளர்ந்து, 1991இல் வாஷிங்டன் தேசிய சித்திரசாலையிலே அது நிறைவெய்தியது.

இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? பெரிய வணிகத் தாபனங்கள் கைகொடுக்கும் என எதிர்பார்த்தார்; கை நீண்டது குறைவு. ஆகவே தம் நண்பர்களாகிய பிற ஓவியரிடமிருந்து பல்லாண்டாகச் சேர்த்துவைத்த படைப்புகளை விற்றார், வீட்டையும் ஈடுவைத்தார். பாராட்டு ஒருபுறமிருக்க, குறைகூறியோரும் பலர். சர்வாதிகாரம் நிலவிய சிலி நாட்டிலே கண்காட்சி வைக்கலாமா என்று கேட்டனர். தம் பெயரையே திட்டத்துக்கு இட்டமை பொதுநலமா தற்பெருமையா என்றும் கேட்டனர். இரண்டாவது கேள்வி நியாயமானதே. தம்மை விளம்பரப்படுத்துவதிலே அவருக்குக் கூச்சம் இருந்ததில்லை. ஆனால் விளம்பரத்துக்காக வீட்டை ஈடுவைப்போரை உலகிலே அதிகம் காணமுடியாது.

புளோரிடாவிலுள்ள கப்ரிவா என்னும் தீவிலேதான் 1970 முதல் அவர் வாழ்ந்தார். அயலிலுள்ள போட் மையேர்ஸ் நகரிலே, வீட்டு வன்முறைக்கு ஆளாகிய பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் புகலிடம் அளிக்கும் நிலையம் ஒன்று உண்டு. அந்நிலையம் நிதிக்காக ஆண்டுதோறும் நடத்திய கலை ஏலத்துக்குத் தம் படைப்புகளைப் பல முறை அளித்தார். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே கலைஞனின் பங்கு எங்கே என்று 1973இல் கேட்ட அதே மனிதர், தம் பங்கு முழுவதையும் இந்த ஏலத்திலே விட்டுக்கொடுத்தார். முன்னது கேளாமற் பறிபோனது; பின்னது விரும்பிக் கொடுத்தது. இரண்டிலும் ஏலச் சுத்தியல் ஒன்றே.

2008ஆம் ஆண்டு மே மாதம் 12ஆந் திகதி அத்தீவிலேயே அவர் காலமானார். விலையின் விநோதங்கள் அவர் மறைந்த பின்னரும் தொடர்ந்தன. 1959இல் அவர் ஆக்கிய 'பள்ளத்தாக்கு' என்னும் படைப்பிலே பாடஞ்செய்யப்பட்ட கழுகொன்று உண்டு. அவ்வினக் கழுகை விற்பது அமெரிக்கச் சட்டப்படி குற்றம். ஆகவே, அதன் விலை பூச்சியம் என்று அதனை வைத்திருந்தவரின் வாரிசுகள் கூறினர். வரி அதிகாரிகளோ 6 கோடி 50 இலட்சம் டொலர் என மதித்து, 2 கோடி 92 இலட்சம் டொலர் வரி கேட்டனர். விற்கவும் முடியாது, வரி கட்டாதிருக்கவும் முடியாது! ஈற்றில் 2012இல் அது நவீனகலை நூதனசாலைக்கு நன்கொடையாகச் சென்று, வழக்கும் தீர்ந்தது. 2019 மே மாதத்திலே 'எருமை இரண்டு' என்னும் அவரது 1964ஆம் ஆண்டுப் படைப்பு, நியூயோர்க் ஏலத்திலே 8 கோடி 88 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று.

அவர் விட்டுச்சென்ற செல்வத்தைக்கொண்டு இயங்கும் நிதியம், 2020ஆம் ஆண்டிலே, எதிர்பாராத நோயினாலோ விபத்தினாலோ மருத்துவச் செலவுக்கு முட்டுப்பட்ட கலைஞருக்கு ஒருவர்க்கு 5,000 டொலர் வரை கொடுக்கும் உதவித் திட்டமொன்றைத் தொடங்கியது. ஓவியரோடு நடனம் அமைப்போரும் அதற்கு விண்ணப்பிக்கலாம் என்று விதிகளிலே எழுதப்பட்டிருந்தது.